த்ரில்லர் ஸ்பூஃப் குறும்படம் எடுப்பது எப்படி: 46,200 ரூபாயும் ஏழு மாதமும் கற்றுத்தந்தவை

சைக்கோ கொலையாளிப் படம் ஒன்றைக் கும்பலாகப் போய்ப் பார்த்துவிட்டு, டீக்கடையில் நின்று "இதை அப்படியே கலாய்ச்சு எடுத்தா எப்படி இருக்கும்?" என்று பேசாத நண்பர் குழு நம் ஊரில் இருக்காது. அப்படிக் கலாய்த்து எடுக்கும் படத்துக்குத்தான் ஸ்பூஃப் என்று பெயர். நாங்கள் பேச்சோடு விடாமல் எடுத்தும் தொலைத்தோம். திருச்சியில், பதினான்கு பேர், ஒன்பது நிமிடப் படம். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும், 25,000 ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டோம். ஏழு மாதமும் 46,200 ரூபாயும் ஆயின. நடுவில் ஒருநாள் இரவு எங்கள் கதாநாயகன் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

கேமரா எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். த்ரில்லரைக் கலாய்க்கிறவனுக்கு மட்டும் வரும் சிக்கல்களைச் சொல்ல எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் இது.

1. படத்தைக் கலாய்க்காதீர்கள், வழக்கத்தைக் கலாயுங்கள்

எங்கள் முதல் ஸ்கிரிப்ட் ஒரே ஒரு படத்தைக் காட்சிக்குக் காட்சி பின்தொடர்ந்தது. வசனத்தை மாற்றியிருந்தோம், பெயரை மாற்றியிருந்தோம், மற்றதெல்லாம் அதே. அந்தப் படத்தைப் பார்க்காத என் தங்கையிடம் படித்துக் காட்டினேன். பதினேழு பக்கம் முடியும்வரை முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "இதுல எங்கண்ணே சிரிக்கணும்?" என்று கேட்டாள். அந்த ஸ்கிரிப்டைக் குப்பையில் போட்டோம். ஆறு வாரம் வீண்.

பிறகு செய்ததை நீங்கள் முதலிலேயே செய்யுங்கள். பத்து நாளில் ஏழு த்ரில்லர் பாருங்கள், கையில் நோட்டுடன். கதையை எழுதவேண்டாம். திரும்பத் திரும்ப வருவதை மட்டும் எழுதுங்கள். சுவரில் புகைப்படங்கள், அவற்றை இணைக்கும் சிவப்பு நூல். மனைவியையோ மகளையோ இழந்து தூக்கம் கெட்ட அதிகாரி. அவர் சஸ்பெண்ட் ஆனபிறகுதான் கேஸ் நகரும். பிணவறையில் வைத்தே டிபன் பாக்ஸைத் திறக்கும் டாக்டர். யாரும் இல்லாத வீட்டுக்குள் "யாரு?" என்று கேட்டுக்கொண்டே நுழையும் பெண். மழை. நீல வெளிச்சம். கடைசியில் கொலையாளியின் சின்ன வயசு ஃப்ளாஷ்பேக். ஏழு படத்தில் ஐந்திலாவது வந்தது எதுவோ அதுதான் உங்கள் சரக்கு.

ஏன் அது வேலை செய்கிறது? த்ரில்லர் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. கதவு கிரீச்சிட்டால் தோள் தானாக இறுகும். யாரும் சொல்லித்தராமலே அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியும். ஸ்பூஃப் அந்தப் பழக்கத்தைக் கடனாக வாங்கிக்கொண்டு, இறுகிய தோளுக்கு எதிரே ஒரு அற்ப விஷயத்தை நிறுத்துகிறது. "இதுக்காடா பயந்தோம்" என்று நம்மைப் பார்த்து நாமே சிரிக்கிறோம். பயந்த அளவுக்குத்தான் சிரிப்பும் வரும், அதனால் பயமுறுத்தத் தெரியாதவன் ஸ்பூஃப் எடுக்க முடியாது. 2010-ல் 'தமிழ்ப் படம்' எடுத்து மொத்தக் கோடம்பாக்கத்தையும் கலாய்த்த சி.எஸ்.அமுதன், 2023-ல் 'ரத்தம்' என்று முழு சீரியஸான த்ரில்லர் எடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இன்னொரு சுரங்கமும் இருக்கிறது. த்ரில்லர் சில கேள்விகளை நம்மைக் கேட்கவே விடாது. கொலையாளி வீட்டின் அடித்தளத்தில் நான்கு நீல விளக்கு, இரண்டு ஃபேன், இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் டேப் ரெக்கார்டர். கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள்? எங்கள் இரண்டாவது ஸ்கிரிப்ட் இந்த ஒரு கேள்வியில்தான் பிறந்தது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் அதற்குள் கொலையை முடிக்கத் துடிக்கும் கொலையாளி, கடைசியில் ஃபியூஸைப் பிடுங்க வந்த ஈ.பி.காரரிடம் மாட்டுகிறான். இதைச் சொன்னதும் தங்கை சிரித்தாள். அவள் அந்த ஏழு படத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

2. நகைச்சுவையை எடுத்துவிட்டாலும் காட்சி நிற்கிறதா என்று பாருங்கள்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. ஸ்பூஃபுக்கு அது பொருந்தாது. வசனம் ஒன்றும் இல்லாமல் பின்னணியில் நடக்கும் வேடிக்கைக்கு எழுத்தில் ஒரு வரி, திரையில் நாற்பது வினாடி.

நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் த்ரில்லரில் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்பது. இரண்டாவதில் நம்ம வீட்டு ஆள் அங்கே இருந்தால் என்ன செய்வார் என்பது. மூன்றாவதில் பின்னால், ஓரத்தில், ஃபோகஸ் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பது. மூன்றாவது கட்டம்தான் இரண்டாம் தடவை பார்க்க வைக்கும். எங்கள் படத்தில் சிவப்பு நூல் சுவர் ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, கடைசியில் கொடியாகி, அதில் யாரோ துணி காயப்போட்டிருப்பார்கள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பேசினால் செத்தது.

எச்சரிக்கை ஒன்று. சரக்கு தீர்ந்தால் நம் கை தானாக எங்கே போகும் தெரியுமா? குண்டானவரைக் கிண்டல் செய்வதற்கு, கறுப்பைக் கிண்டல் செய்வதற்கு, ஆணுக்குச் சேலை கட்டிவிடுவதற்கு. அது த்ரில்லரைக் கலாய்ப்பதில் சேராது, சோம்பேறித்தனம். எங்கள் முதல் ஸ்கிரிப்டில் அப்படி ஆறு இடம் இருந்தது. ஆறும் போனபிறகு ஒன்றும் குறையவில்லை.

3. சட்டம்: 'ஸ்பூஃப்னா ஒண்ணும் பண்ண முடியாது' என்பவரை நம்பாதீர்கள்

எல்லாக் குழுவிலும் இப்படிச் சொல்லும் ஒருவர் இருப்பார். எங்கள் குழுவில் அது நான்.

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கேலிப்படம், பகடி என்று தனி விலக்கு கிடையாது. 52-ஆவது பிரிவு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவைதான் அங்கே இருக்கின்றன. கேலியை விமர்சனமாக வாதாடத்தான் வேண்டும். வாதாடி ஜெயித்தவர்களும் உண்டு. மலையாள நாடக ஆசிரியர் தோப்பில் பாஸியின் புகழ்பெற்ற நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரனுக்குச் சாதகமாகக் கேரள உயர்நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் வாதாடுவதற்கு வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தில் இன்னும் நாலு குறும்படம் எடுக்கலாம்.

நல்ல செய்தி என்னவென்றால், முதல் படியில் சொன்னதைச் செய்திருந்தால் பாதிக் கவலை போய்விட்டது. கருத்துக்கும் கதைக்கருவுக்கும் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்சநீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. சுவரில் சிவப்பு நூல் கட்டுவது யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் ஒரு படத்தின் குறிப்பிட்ட காட்சியை அதே வசனம், அதே கோணம், அதே வரிசையில் எடுத்தால் நிலைமை வேறு. அப்படித்தான் எடுப்பேன் என்றால் 'ஏர்பிளேன்!' என்ற ஹாலிவுட் ஸ்பூஃபை எடுத்தவர்கள் செய்ததைச் செய்யுங்கள். 1957-ல் வந்த 'ஸீரோ அவர்!' என்ற சீரியஸான விமானப் படத்தின் கதையை ஏறக்குறைய அப்படியே பின்தொடர்ந்ததால், அதன் உரிமையைக் காசு கொடுத்து வாங்கிவிட்டே 1980-ல் தங்கள் படத்தை வெளியிட்டார்கள்.

இரண்டு பொறிகள்:

- "முப்பது வினாடி வரைக்கும் பாட்டு போட்டுக்கலாம்" என்பது கட்டுக்கதை. சட்டத்தில் அப்படி ஒரு வினாடிக் கணக்கே இல்லை.
- "யாவும் கற்பனையே" என்று முதலில் போட்டுவிட்டு, நிஜ மனிதர் ஒருவரை அடையாளம் தெரியும்படி அசிங்கப்படுத்தினால் அந்த வரி காப்பாற்றாது. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 356-ஆவது பிரிவில் இருக்கிறது. பாத்திரத்தைக் கலாயுங்கள், நடித்தவரை விட்டுவிடுங்கள்.

4. பணம்: எங்கே ஓட்டை விழுந்தது

எங்களுக்கு ஆன செலவு இது. உங்கள் ஊரில் கூடவோ குறையவோ இருக்கும்.

- கேமரா, லென்ஸ் வாடகை, மூன்று நாள்: 9,000
- விளக்குகளும் அதற்கு ஓர் ஆளும்: 6,000
- சாப்பாடு, டீ: 7,400
- வண்டி, பெட்ரோல்: 3,200
- உடை, முகமூடி, ரத்தம், நூல், இதர சாமான்: 2,600
- பிணவறையாக மாற்றிய ஐஸ் கிடங்கு, ஒருநாள்: 3,000
- டப்பிங், ஐந்து மணி நேரம்: 3,000
- இசை: 8,000
- ஒலிக்கலவை: 4,000

முதல் கணக்கில் நாங்கள் எழுதாதவை இசை, டப்பிங், ஒலிக்கலவை. மூன்றும் சேர்ந்து 15,000. படம் பார்ப்பதற்கு என்று நினைத்துக் கணக்குப் போட்டோம். த்ரில்லரில் பாதி காதில்தான் நடக்கிறது என்பது எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. மௌனமான காட்சியில் 'விர்ர்' என்று ஏறும் வயலின் இல்லாவிட்டால் பார்ப்பவருக்குத் தோள் இறுகாது. தோள் இறுகாவிட்டால் சிரிப்பில்லை.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். சம்பளம் வாங்காமல் வந்தவர்களுக்குப் பிரியாணியாவது உருப்படியாகப் போடுங்கள். இரண்டாம் நாள் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தோம். மூன்றாம் நாள் இரண்டு பேர் வரவில்லை.

பணம் திரும்பி வரும் என்று எதிர்பார்த்து இறங்குகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. யூடியூபில் விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒன்பது நிமிடப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

5. காகிதங்கள்: கையெழுத்து வாங்க வெட்கப்படாதீர்கள்

நண்பனிடம் போய் "இதுல ஒரு கையெழுத்து போடுடா" என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள். ஷூட்டிங்குக்கு முன்னால் கேளுங்கள். முடிந்தபிறகு கேட்டால் அவனுக்குச் சந்தேகம் வரும்.

நடித்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும். என் உருவத்தையும் குரலையும் இந்தப் படத்திலும் இதன் விளம்பரத்திலும் பயன்படுத்தலாம், இது கேலிப்படம் என்று எனக்குத் தெரியும் என்று அதில் இருக்கவேண்டும். அந்த இரண்டாவது வாக்கியம் முக்கியம். எங்கள் குழுவில் ஒருவருக்குப் பெண் பார்க்கும்போது மாமனார் வீட்டில் படத்தைப் பார்த்துவிட்டார்கள். எடுத்துவிடச் சொல்லி இரவு பன்னிரண்டு மணிக்கு போன் வந்தது. கடிதம் இருந்ததால் சண்டையாகவில்லை, பேச்சுவார்த்தையோடு முடிந்தது. கல்யாணமும் நடந்தது.

படம் எடுக்கும் இடத்தின் சொந்தக்காரரிடம் தேதி, நேரம், சேதமானால் யார் பொறுப்பு என்று எழுதிய கடிதம் வாங்குங்கள். நாங்கள் உறையூரில் நண்பனின் அத்தை வீட்டை வாய்ப்பேச்சில் வாங்கினோம். சிவப்பு நூலுக்காக நாற்பது ஆணி அடித்ததைப் பார்த்த அத்தை, "ஏன்டா, கொலைகாரனைப் பிடிக்கிறதுக்கு என் செவுத்தைத்தான் ஓட்டை போடணுமா?" என்று கேட்டுவிட்டு அன்றைய காபியை நிறுத்திவிட்டார். பூசி வெள்ளையடித்துக் கொடுத்தோம். அந்தச் செலவை மேலே உள்ள பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இசையமைப்பாளரோடு செய்யும் ஒப்பந்தத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பதிப்புரிமையை மாற்றித்தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். யூடியூபில் ஏற்றினால் டொராண்டோவிலும் ஓடும், கொழும்பிலும் ஓடும். "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொன்று: வெளியில் வாங்கிய லூப், சாம்பிள் (ரெடிமேட் இசைத் துணுக்குகள்) எதையாவது பயன்படுத்தியிருந்தால் அதன் உரிமச் சீட்டையும் தரவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. பத்தாவது படியில் அழுவோம்.

பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை நடிக்கவைப்பதாக இருந்தால், குழந்தைத் தொழிலாளர் சட்ட விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒருநாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. கொலையாளியின் சின்ன வயசு ஃப்ளாஷ்பேக்கை நாங்கள் இருபத்தெட்டு வயது ஆளுக்கு டவுசர் மாட்டி எடுத்துவிட்டோம். அனுமதிக் கடிதம் மிச்சம், சிரிப்பும் கூட.

6. காக்கிச்சட்டை, பொம்மைத் துப்பாக்கி, இரவு பதினொரு மணி

த்ரில்லர் ஸ்பூஃப் என்றால் போலீஸ் இல்லாமல் முடியாது. அங்கேதான் ஆபத்தும்.

தெருவில் ஒரு ஷாட். கதாநாயகன் இன்ஸ்பெக்டர் உடையில், கையில் பொம்மைத் துப்பாக்கியோடு, கொலையாளியைச் சத்தமில்லாமல் பின்தொடர வேண்டும். வாயில் முறுக்கு, அதனால் 'கறுக் மொறுக்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கேமராவை எதிர் மாடியில் வைத்திருந்தோம். கீழே இருந்து பார்த்தால் கேமராவும் தெரியாது, நாங்களும் தெரியமாட்டோம். ரோந்து வண்டி வந்து நின்றது.

"யாருய்யா நீ? எந்த ஸ்டேஷன்?"

"சார், நான் போலீஸ் இல்ல சார். நடிகன் சார்."

"அப்ப நான் யாரு?"

நாங்கள் மூச்சிரைக்கக் கீழே ஓடி வருவதற்குள் அவன் வண்டியில் ஏறிவிட்டான். இரண்டு மணி நேரம் விளக்கம் சொன்னோம். கடைசியில் அங்கிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள், அது வேறு விஷயம். ஏமாற்றும் நோக்கத்தோடு அரசு ஊழியரின் சீருடையை அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 205-ஆவது பிரிவின்படி குற்றம். நமக்கு அந்த நோக்கம் இல்லை, சரி. அதை நடுராத்திரியில் நிரூபிப்பதற்குள் அன்றைய கேமரா வாடகை போய்விடும்.

செய்யவேண்டியவை:

- பத்து நாளுக்கு முன்பே அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கடிதம் கொடுங்கள். நாள், நேரம், தெரு, எத்தனை பேர், சீருடையும் பொம்மைத் துப்பாக்கியும் உண்டு என்பது, பொறுப்பாளரின் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிய நகலை ஷூட்டிங் இடத்தில் வைத்திருங்கள்.
- சீருடையில் நிஜச் சின்னம் வேண்டாம். நாங்கள் பிறகு தோள்பட்டையில் பாட்டில் மூடிகளை ஒட்டினோம். அதுவே ஒரு ஜோக் ஆகிவிட்டது.
- உடையைப் படப்பிடிப்பு இடத்திலேயே மாற்றவேண்டும். காக்கியோடு பைக்கில் டீ வாங்கப் போகக்கூடாது.
- பூங்கா, பேருந்து நிலையம் என்றால் மாநகராட்சி. ரயில் நிலையம் என்றால் ரயில்வே. ரயில்வே அனுமதி சின்னக் குழுவுக்குக் கட்டுப்படியாகாது. ரயில் சத்தத்தை மட்டும் போட்டு ஆளை ஆட்டுங்கள், போதும்.

7. ஷூட்டிங்: சிரிக்கிறவனை வீட்டுக்கு அனுப்புங்கள்

ஸ்பூஃபில் நடிப்பவருக்குத் தான் நடிப்பது காமெடி என்று தெரியக்கூடாது. 'ஏர்பிளேன்!', அதற்குப் பிறகு 1988-ல் 'த நேக்கட் கன்' இரண்டிலும் கலக்கிய லெஸ்லி நீல்சன் அதற்கு முன்பு பல வருடம் சீரியஸ் வேடங்களில் நடித்தவர். அதே முகத்தை, அதே குரலை அப்படியே வைத்துக்கொண்டு அபத்தத்தைச் சொன்னார். கண்ணடித்தால் காரியம் கெட்டது. எங்கள் குழுவிலேயே வேடிக்கையான ஆளைக் கதாநாயகனாகப் போட்டு முதல் அரைநாளை வீணடித்தோம். பிறகு அவனை ஈ.பி.காரராக்கிவிட்டு, வாழ்க்கையில் ஒரு ஜோக்கும் சொன்னதில்லாத எங்கள் கணக்குப்பிள்ளை நண்பனுக்குக் காக்கி மாட்டினோம். அவன் "பாடியை யாரும் தொடாதீங்க" என்று சொன்னபோது லைட்மேன் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார்.

ஒளியும் கோணமும் நிஜத் த்ரில்லர் மாதிரியே இருக்கவேண்டும். பளிச்சென்று வெளிச்சம் போட்டால் கல்லூரி ஆண்டுவிழா நாடகமாகிவிடும். ஆனால் ஆள் விழும்போது, மோதும்போது, வழுக்கும்போது கேமராவைப் பின்னால் இழுங்கள். தலை முதல் கால் வரை ஒரே ஷாட்டில் தெரியட்டும். விழுவதைத் துண்டு துண்டாக வெட்டினால் அடிபட்ட மாதிரித் தெரியும். பார்ப்பவருக்கு "ஐயோ" என்றுதான் வரும்.

விழுவதற்கு மெத்தை, முழங்கால் பட்டை கட்டாயம். உடைக்கும் நாற்காலி தெர்மாகோலில். முதல் டேக்கிலேயே சரியாக வந்தால் இரண்டாவது கேட்காதீர்கள்.

ரத்தம்: கெட்டியான சர்க்கரைப் பாகு, சிவப்பு உணவு நிறம், நிறம் கறுக்க ஒரு சிட்டிகை காபித்தூள். மலிவு, விழுங்கினாலும் கெடுதல் இல்லை. ஆனால் யாரும் எங்களுக்குச் சொல்லாதது ஒன்று உண்டு: எறும்பு. பிணமாகப் படுத்திருந்தவர் நான்காவது நிமிடத்தில் துள்ளி எழுந்தார். (படத்தில் அது அப்படியே இருக்கிறது.) சிவப்பு நிறம் மொசைக் தரையில் ஊறும், கீழே பிளாஸ்டிக் விரியுங்கள்.

நாய், கோழி எதையும் சேர்க்காதீர்கள். பின்னாளில் திரையரங்கம் என்று ஆசை வந்தால் விலங்குநல வாரியத்தின் சான்று கேட்பார்கள். சிகரெட்டும் வேண்டாம்; அதற்கான எச்சரிக்கை வாசகங்கள் தனிக் கதை. துப்பறிபவரின் சிகரெட்டுக்குப் பதிலாகத்தான் முறுக்கு வந்தது.

8. எடிட்டிங்: பதினாலில் ஐந்தைக் கொல்லுங்கள்

முதல் கட் பதினாலு நிமிடம். எங்களுக்கு எல்லாமே பிரமாதமாகத் தெரிந்தது, ஏனென்றால் எடுத்த கஷ்டம் நமக்குத் தெரியும். த்ரில்லர் வெறியர்கள் ஐந்து பேர், த்ரில்லரே பார்க்காதவர்கள் ஐந்து பேர் என்று கூப்பிட்டு உட்கார வைத்தோம். படத்தைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்தோம். இரு தரப்பும் சிரிக்காதது அத்தனையும் வெளியே போயிற்று. வெறியர் மட்டும் சிரித்தது நான்கு இடம். அதில் இரண்டைப் பாசத்தினால் வைத்துக்கொண்டோம்.

சஸ்பென்ஸ் காட்சியைச் சுருக்காதீர்கள். கதவை நோக்கி நடப்பது நிஜப் படத்தில் இருபது வினாடி என்றால் இங்கும் இருபது வினாடிதான். திறந்தபிறகு வரும் அபத்தத்தைத்தான் குறுக்கவேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம்.

9. திரையரங்கில் போட ஆசை இருந்தால்

பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும், குறும்படமானாலும். விண்ணப்பம் இணையவழிதான். 2023-ல் சட்டம் திருத்தப்பட்டபிறகு யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகிவிட்டது. கொலை, ரத்தம் எல்லாம் கேலிதான் என்று விண்ணப்பத்தில் கதைச்சுருக்கம் எழுதும்போதே தெளிவாகச் சொல்லுங்கள். யூடியூபுக்கு இந்தச் சான்று தேவையில்லை. முதல் படத்துக்கு அதுவே போதும்.

10. ஏற்றுவது, அதற்குப் பிறகு வரும் ஓலை

வெள்ளிக்கிழமை மாலை வெளியீடு என்று போஸ்டர் ஒட்டிவிட்டு வெள்ளிக்கிழமை மதியம் ஏற்றாதீர்கள். ஒரு வாரம் முன்பே ஏற்றி, 'பட்டியலிடப்படாதது' என்று வைத்துவிடுங்கள். ஏற்றும்போதே பதிப்புரிமைச் சோதனை ஓடும். பிரச்சினை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

எங்களுக்கு வந்தது. சொந்தமாக 8,000 ரூபாய் கொடுத்துப் போட்ட இசைமேல் வேறு யாரோ உரிமை கோரினார்கள். விசாரித்தால் நம் இசைத் தம்பி காசு கொடுத்து வாங்கிய லூப் ஒன்றைப் பயன்படுத்தியிருக்கிறார். அதே லூப்பை வைத்து வேறொருவரும் பாட்டுப் போட்டுப் பதிவு செய்திருக்கிறார். தப்பு யார்மேலும் இல்லை. சீட்டைத் தேடி எடுத்து, மறுப்புத் தெரிவித்து, பத்தொன்பதாம் நாள்தான் கோரிக்கை விலகியது.

இங்கே இரண்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தானியங்கி அமைப்பு எழுப்பும் உரிமைக் கோரிக்கையால் சேனலுக்கு ஆபத்தில்லை. பெரும்பாலும் வருமானம் அவர்களுக்குப் போகும், அல்லது சில நாடுகளில் படம் ஓடாது. நீங்கள் மறுத்தால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் உண்டு. ஸ்ட்ரைக் என்பது வேறு. படமே தூக்கப்படும், 90 நாள் நிற்கும், மூன்று சேர்ந்தால் சேனலே போகும். அதற்கு எதிர்மனு கொடுப்பது சட்டபூர்வமான வாக்குமூலம். உங்கள் நிஜப் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். காகிதம் சரியாக இருந்தால் மட்டும் கொடுங்கள், ஆத்திரத்தில் கொடுக்காதீர்கள்.

தலைப்பிலும் முகப்புப் படத்திலும் நிஜப் படத்தின் எழுத்துரு, போஸ்டர், நட்சத்திரத்தின் முகம் எதையும் வைக்கவேண்டாம். பார்வை கூடும்தான், ஓலையும் கூடவே வரும்.

படம் வெளியான முதல் இரவே கமெண்ட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது. எந்தப் படத்தைக் கலாய்த்திருக்கிறார்கள் என்று. ஒருவர் ஒரு படத்தைச் சொல்ல, இன்னொருவர் "யோவ், அது இல்ல" என்று வேறொன்றைச் சொல்ல, விடிவதற்குள் ஐந்து படத்தின் பெயர் வந்துவிட்டது. அதில் மூன்றை நாங்கள் பார்த்ததே இல்லை. இயக்குநரே பதில் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். எதையும் ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு முறுக்குப் படத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.